பி பிளாக் நிலமும் ஞானம் சாரும்

ஞானம் சார் இறந்த செய்தி எனக்கு 'சோலார் கமிட்டி' வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. சோலார் போய் வெகு நாளாகிவிட்டது. கமிட்டியும் இல்லை. குழுவின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. காலை வணக்கப் படங்கள், தண்ணீர் நிற்கப்போகும் அறிவிப்பு, யாருடைய மோட்டார் சைக்கிள் யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற சண்டை, இவைதான் அதில் வழக்கமாக வரும். அன்று காலை லிஃப்டுக்காக வரிசையில் நின்றபடி கைபேசியைத் திறந்தேன். 'ஞானம் சார் தவறிட்டாரு. பிரிக்பீல்ட்ஸ் வீட்ல வச்சிருக்காங்க' என்று எங்கள் பிளாக்கில் லோரி ஓட்டும் குமார் போட்டிருந்தான். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. இதே குழுவில் இதே ஆட்கள்தான் அவரைத் துரோகி என்று எழுதியவர்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சி. ஞானரத்தினம் அவர்களை அறிந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் பங்சாரிலும் நிறைய இருக்கிறீர்கள். மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகத்தில் பல காலம் உழைத்தவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாதவர். உங்களுக்கு அவர் தெளிந்த நீரோடை மாதிரியான மனிதர். கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கும் எங்களுக்கு அவர் இன்றுவரை விளங்காத மனிதர். நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எனக்கு விளங்காததைத்தான் இங்கே எழுதப்போகிறேன். விளங்கியவர்கள் தயவுசெய்து திருத்துங்கள்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய காலி நிலம் இருக்கிறது. பி பிளாக் கட்டுவதற்காக வீடமைப்புத் துறை ஒதுக்கிய இடம். நாங்கள் ஏ பிளாக்கில் குடியேறிய நாளிலிருந்து பி பிளாக் வரப்போகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வந்தது லாலாங் புல்லும் பாம்பும்தான். ஒரு நாள் ஞானம் சார் ஒரு தொண்டுக் குழுவோடு வந்து, அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் மீட்டர் அறையைத் திறக்கச் சொன்னார். அப்போது எங்களுக்கு இரண்டு லிஃப்டில் ஒன்றுதான் ஓடும். பொது மின்சாரக் கட்டணத்துக்குச் சங்கத்தால் ஈடுகொடுக்க முடியாமல் மற்றதை நிறுத்தி வைத்திருந்தோம். என் கணவர் பாலாவுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த காலம் அது. நாங்கள் இருப்பது பதின்மூன்றாவது மாடி. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் முண்டியடிக்கிற ஒற்றை லிஃப்டில் நாற்காலிக்கு எங்கே இடம்? மாதக்கணக்கில் அவர் கீழே இறங்கவே இல்லை.

"அந்த நிலம் சும்மாதானே கிடக்குது? கட்டும் வரைக்கும் வெயிலையாவது பிடிப்பம்," என்றார் ஞானம் சார். அவருடைய பேச்சு பாதி யாழ்ப்பாணம், பாதி பிரிக்பீல்ட்ஸ். தரையைத் தோண்டாமல், சிமெண்டுக் கட்டைகளின் மேல் சட்டம் வைத்து, அதன்மேல் சோலார் தகடுகள். பகலில் வருகிற மின்சாரம் லிஃப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் போகும், மிச்சத்தை மின்சார நிறுவனம் எடுத்துக்கொண்டு கட்டணத்தில் கழிக்கும். வீடு கட்ட ஆள் வந்தால் கழற்றிக்கொண்டு போய்விடலாம். இதைச் சொல்ல எவ்வளவு எளிது! அனுமதி வாங்க அவர் எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று எனக்குத்தான் தெரியும், பாதிப் படிகள் நானும் கூட ஏறினேன். ஷா ஆலாமில் ஓர் அதிகாரி கிண்டலாக, "இது தற்காலிகம் என்று எல்லாரும் சொல்வார்கள் அங்கிள், பிறகு யாரும் போகமாட்டார்கள்," என்றார். ஞானம் சார் சிரிக்கவில்லை. "நான் போவன்," என்றார்.

தகடுகள் வந்து இறங்கியபோது, நம் வழக்கப்படி ஒரு பூஜை போட ஏற்பாடு செய்தோம். பழம், தேங்காய், சூடம் எல்லாம் தயார். குமார் எலுமிச்சம்பழங்களைக் கூட வாங்கி வைத்துவிட்டான். புது லோரி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் வைப்பதுபோல் இதற்கும் எங்காவது வைத்து நசுக்கலாம் என்பது அவன் எண்ணம். ஐயரும் வந்தாயிற்று. ஞானம் சார் வந்து பார்த்துவிட்டுக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ஏன் சார்? நீங்களே கோயில் ஆளு!" என்று குமார் துள்ளினான்.

"பூஜை போட்டா இது எங்கட இடம் எண்டு மனசுல பதிஞ்சிரும் குமார். பிறகு உங்களை எழுப்ப ஏலாது."

ஐயருக்கு வெற்றிலை பாக்கில் தட்சிணை வைத்துத் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். எங்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பக்திமான் என்று பெயரெடுத்த மனிதர், நல்ல காரியத்துக்கு ஒரு சூடம் கொளுத்த விடவில்லையே என்று பெண்கள் எல்லாம் முணுமுணுத்தோம். அவர் சொன்னதன் பொருள் அன்றைக்கு எங்கள் தலையில் ஏறவில்லை.

ஆனால் லிஃப்ட் ஓடியது, இரண்டும் ஓடின! பாலா தினமும் காலையில் கீழே இறங்கி, ஓரத்து ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் வம்புக்கு இழுக்க ஆரம்பித்தார். பேச்சு குழறினாலும் வம்பு குழறவில்லை. என் வீட்டுக்குப் பழைய மனிதர் திரும்பி வந்தார். அந்த நன்றியை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு வலித்தது.

நடுவில் ஒரு நாள் மின்சாரம் குறைகிறது என்று புகார் போயிற்று. அவருடைய குழுவிலிருந்து வந்த இளம் பொறியாளர்கள் கருவியும் கையுமாக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் வந்தது மழை மூட்டமான நாட்கள், அதனால் ஒன்றும் கண்ணில் படவில்லை. வெயில் அடித்த ஒரு நாள் ஞானம் சார் சொல்லாமல் வந்து நின்றார். பின்வரிசைத் தகடுகள் முழுக்க மோர்மிளகாயும் வடகமும் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடி சூட்டில் ஒரே நாளில் காய்கிறது என்று நாலாம் மாடிப் பெண்கள் கண்டுபிடித்து, பிளாக் முழுவதும் பரவிவிட்டது. அதில் என் மிளகாயும் இருந்தது என்பதை மறைப்பானேன். அவர் ஒரு வடகத்தை எடுத்துக் கடித்துப் பார்த்து, "உப்புக் கூடிப்போச்சு," என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் வதந்தி கிளம்பியது. பி பிளாக்குக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள், சோலாரை எடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று. அடுத்த வாரமே தகடுகளுக்கு நடுவில் ஒரு கல் முளைத்தது. மஞ்சள் துணி, குங்குமம், பக்கத்தில் ஒரு சூலம், சீக்கிரத்திலேயே மேலே ஒரு தகரக் கூரை. முனீஸ்வரர் குமாரின் கனவில் வந்தாராம். எந்தக் கனவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாமி இருக்கிற இடத்தில் கை வைக்க எந்த அதிகாரியும் நாலு முறை யோசிப்பான் இல்லையா? நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போய் விளக்கும் ஏற்றினேன்.

ஞானம் சார் வந்தார். செருப்பைக் கழற்றினார். கீழே விழுந்து கும்பிட்டார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். குமாருக்குப் பரம திருப்தி. பிறகு, "ஐயா, நீங்க இங்க இருந்தா கனபேர் தெருவில நிப்பினம். என்னோட வாங்கோ," என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதை அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். காரின் முன்சீட்டில் துண்டை விரித்து உட்கார வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டினார். நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். தடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் குமார், "சாமியையே தூக்கிட்டுப் போயிட்டாரு லா!" என்று கத்தினான்.

அவர் கும்பிட்டது நிஜமா, நாடகமா? நாடகம் என்றால் அந்த மனிதர் கண்ணில் ஏன் நீர்? நிஜம் என்றால் எப்படித் தூக்க மனம் வந்தது? இதை நான் பலரிடம் கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

சோலாரை எடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்த அன்றே அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு நாள் தள்ளவில்லை, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை சமூக மண்டபத்தில் கூடியது கூட்டமா? சந்தைக்கடை. இத்தனை பேர் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தால் நிறுத்தலாம் என்று நான் எழுந்து சொன்னேன். கைதட்டினார்கள். ஞானம் சார் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து எழுந்தார்.

"இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வீடு இருக்கு. வீடு இல்லாததுகள் கூட்டத்துக்கு வரேல்ல. அதுகளைக் கேட்டுட்டு மனுக் கொடுப்பம்."

"அவங்களுக்காக எங்க லிஃப்ட்ட நிறுத்துவீங்களா?" என்றேன். பாலா என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

அவர் பாலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று இரவுதான் குழுவில் துரோகி என்ற சொல் வந்தது.

தகடுகள் லோரியில் ஏறி ஜெஞ்சாரோம் பக்கம் போயின. வேலை செய்த தோட்டம் விற்கப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் அங்கே தற்காலிகப் பலகை வீடுகளில் இருக்கின்றன. பி பிளாக்கில் முதல் வீடுகள் அவர்களுக்குத்தான் என்று பேச்சு. எங்கள் இரண்டாவது லிஃப்டின் கதவில் மறுபடியும் கயிறு கட்டினோம். சரி, வீடாவது எழும்பும் என்று பார்த்தால், கட்டும் வேலையை எடுத்த குத்தகையாளர் விலகிவிட்டார். மறுபடி குத்தகை விடப் போகிறார்களாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. நிலத்தில் சிமெண்டுக் கட்டைகள் இருந்த தடம்கூட மறைந்து லாலாங் வளர்ந்துவிட்டது. அந்த வெயில் தினமும் வீணாக அடிக்கிறது. பால்கனியில் நின்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அப்படியொரு நாளில்தான் இருந்த ஒரு லிஃப்டும் பழுதாயிற்று. நெரிசல் குறைந்த நேரம் பார்த்து நான் இறக்கிவிட்டிருந்த பாலா கீழே ஒட்டுக்கடையில் மாட்டிக்கொண்டார். எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஞானம் சாரைக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மதியத்துக்குள் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் வந்துவிட்டார். பாலாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் சாப்பிட்டார்கள், பந்தாட்டம் பற்றிப் பேசினார்கள். வேலை முடிந்து வந்த குமார், என் கணவரைத் தோளில் சாய்த்து முதுகில் ஏற்றிக்கொண்டு படி ஏறினான். ஞானம் சாரின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. மடக்கிய சக்கர நாற்காலியை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, அந்த வயதில் அவர் பின்னாலேயே ஏறி வந்தார்.

வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "சொல்லுங்க சார். வீடும் வரல, சோலாரும் போச்சு. நீங்க செஞ்சது சரிதானா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் தெரியேல்ல, பிள்ளை. எடுக்காம விட்டிருந்தா உங்களாலதான் வீடு கட்டேல்ல எண்டு துறைக்காரங்கள் சொல்லியிருப்பாங்கள். இப்ப அதைச் சொல்ல ஏலாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உறுதியான மனிதர், எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் திட்டினேன். அவரும் என்னைப் போலத் தவித்துக்கொண்டிருந்தார் என்றால் நான் யாரைத் திட்டுவது? அதற்குப் பிறகு இன்னொரு நாள் அவரை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நாள் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனபோது கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. சாமி அறையில் அந்தக் கல்லைப் பார்த்தேன். புது மஞ்சள் துணி, காய்ந்த பூ. என் பின்னால் வந்த குமாரும் பார்த்தான். கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான். ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த சாந்தி என்ற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் அழுதாள். அந்த சோலார் வந்த பிறகுதான் பிள்ளைக்கு மின்விசிறியே ஓடுகிறதாம்.

"அங்கயும் பூஜை போட விடலக்கா சாரு. இது உங்க எடம் இல்ல, உங்க எடம் கிள்ளான்ல இருக்குன்னு சொல்வாரு," என்றாள். பிறகு நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஃப்ளாட்டா? பி பிளாக் எத்தனை மாடி ஏறியிருக்குக்கா?"

நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

திரும்பி வந்த அந்த வாரமே இன்னொரு விவகாரம் தொடங்கிவிட்டது. காலி நிலத்தைக் கார் நிறுத்துமிடமாகச் சங்கத்துக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடும்படி வீடமைப்புத் துறைக்கு ஒரு கடிதம். வசூலாகும் கட்டணத்தில் இரண்டாவது லிஃப்டை ஓட்டலாம். எல்லா வீட்டுக்காரர்களும் ஒப்புக்கொண்டாயிற்று. முன்னின்று செய்கிறவன் குமார். அவனுக்கு லோரி நிறுத்த இடம் வேண்டும், அது உண்மை. ஆனால் என் கணவரை மனதில் வைத்தும்தான் செய்கிறான், அதுவும் உண்மை. செயலாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. பாலாவிடம் கேட்டேன். "கீழ போகணும், செல்வி," என்றார். போடு என்கிறாரா, சும்மா சொல்கிறாரா என்று அவரிடமும் எனக்கு விளங்கவில்லை.

ஞானம் சார் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சரி என்றால் சாந்தி ஏன் இன்னும் பலகை வீட்டில் இருக்கிறாள்? தவறு என்றால் பேனாவை எடுத்தவுடன் என் கை ஏன் நிற்கிறது? பெரிய மனிதர்கள் போகும்போது தெளிவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று அஞ்சலிக் கூட்டங்களில் பேசுவார்கள். அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு தொந்தரவைத்தான். பால்கனியில் நின்றால் முன்பெல்லாம் வெறும் நிலம்தான் தெரியும். இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. ஒரு ஜன்னலில் குழந்தைத் துணி காய்கிறது, யாரோ ஒருத்தி அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறாள் என்றெல்லாம் தோன்றித் தொலைக்கிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலை பாலாவைக் கீழே கூட்டிப்போக லிஃப்டுக்குக் காத்திருந்தேன். குமாரும் வந்து நின்றான்.

"என்னக்கா, சைன் போட்டாச்சா?"

"இல்ல குமார்."

"ஏன்க்கா? காலி நெலந்தானே லா."

"காலி இல்ல. அங்க ஆள் இருக்காங்க."

நடைபாதைச் சுவர்மேல் எட்டிக் கீழே பார்த்தான். லாலாங் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. என்னையும் ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான், அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே நெரிசல். குமார் பாலாவின் நாற்காலியைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளி, எனக்கும் வழிவிட்டு, "நீங்க போங்கக்கா, நான் அடுத்ததுல வரேன்," என்று வெளியே நின்றுகொண்டான்.